பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றி ஒரு காலேஜ்

எங்கள் ஊருக்குக் காலேஜ் வந்த வருஷம்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தேன். அதுவரைக்கும் கே.ஜி.எஃப். என்கிற எங்கள் கோலார் தங்கவயலில் பாஸ் செய்த பையன்களுக்கு இரண்டு வழிதான். ரயிலேறி பெங்களூர் போகலாம். இல்லையென்றால், ஆட்களைப் பாதாளத்துக்கு இறக்குகிற கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் போகலாம். இரண்டிலும் நின்றுகொண்டேதான் போகவேண்டும். பெண்களுக்கு இரண்டும் கிடையாது. கல்யாணம் ஆகிறவரை வீட்டில் அரிசியில் கல் பொறுக்கலாம்.

வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு போன காலம் அது. சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்துவிட்டது. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு கமிட்டி போட்டு, காலேஜ் வேண்டும் என்று எழுதி எழுதி ஒருவழியாகப் பர்மிஷன் வாங்கிவிட்டார்கள். எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. சுரங்கத்துக்கு ஒன்றாக இருந்த குடியிருப்புகளில், சாம்பியன் ரீப்ஸ்காரர்கள் எங்களுக்கு என்றார்கள். மைசூர் மைன்ஸ்காரர்கள் எங்களுக்கு என்றார்கள். பேத்தமங்களாவிலிருந்து நாலு பேர் பஸ் ஏறி வந்து, "கே.ஜி.எஃப். முழுக்க எங்க ஏரித் தண்ணியத்தானே குடிக்கிறீங்க? காலேஜையாவது எங்களுக்குக் குடுங்க" என்று கேட்டார்களாம். கடைசியில் சாம்பியன் ரீப்ஸில் ஒரு துரை காலி செய்துவிட்டுப் போன பங்களா சும்மா கிடந்ததால், காலேஜ் அங்கே வந்தது.

அந்த பங்களாவில் இருந்த பெரிய அறையின் நடுவில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. மேல்பலகை முழுக்கக் கல். பத்து பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. கதவையும் பக்கத்துச் சுவரையும் இடித்தால் வெளியே எடுக்கலாம் என்று கொத்தனார் சொன்னார். கமிட்டி யோசித்துப் பார்த்து மேஜை இருக்கட்டும் என்று முடிவு செய்தது. அதனால் நாங்கள் மேஜையைச் சுற்றி பெஞ்சு போட்டு, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு படித்தோம். மேஜையின் பச்சைத் துணி மேல் நோட்டை வைத்தால் எழுத்து நன்றாக வரும். பேனா உருண்டால் மட்டும் மூலையில் இருக்கிற பைக்குள் போய் விழுந்துவிடும்.

கெமிஸ்ட்ரி லாப் பாத்ரூமில். துரை குளித்த பீங்கான் தொட்டியில்தான் குடுவைகளைக் கழுவினார்கள். பிரின்ஸ்பால் ரூம் சமையலறை. அவர் தலைக்கு மேலே கோழி தொங்கவிடுகிற கொக்கிகள் வரிசையாக இருக்கும். மழை நாளில் அதில் குடைகளை மாட்டிக்கொள்வார்.

காலேஜ் திறந்த ஒரே வாரத்தில் சாம்பியன் ரீப்ஸ் தன்னைப் பெரிய காலேஜ் டவுன் என்று நினைத்துக்கொண்டது. ஸ்டேஷன் எதிரில் இருந்த டீக்கடைக்காரர் போர்டை மாற்றி காலேஜ் ஓட்டல் என்று எழுதினார். உள்ளே அதே மசால் வடைதான். முடிவெட்டுகிறவர் 'காலேஜ் கட்டிங்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். சாதாரணக் கட்டிங்குக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "சாதா கட்டிங்ல பேசிக்கினே வெட்டுவேன். காலேஜ் கட்டிங்ல பேசமாட்டேன்" என்றார். தையல்காரர், சுரங்கத்தில் லாரி ஓட்டுகிற ஒருவருக்குக்கூட 'காலேஜ் பிட்டிங்' பேண்ட் தைத்துக் கொடுத்து, அவர் உட்கார முடியாமல் நின்றே லாரி ஓட்டியதாக ஊரில் பேச்சு.

என் அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். அவர் சுரங்கத்தில் டிரில்லர். பாறையில் மிஷின் வைத்துத் துளை போடுகிற வேலை. இருபது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டதில் காது பாதிக்கு மேல் போய்விட்டது. அவருக்கு அவர் குரலே கேட்காது என்பதால் கத்தித்தான் பேசுவார். ரகசியம் பேசினால் சுரங்க லைன் வீடுகளில் மூன்றாவது வரிசையில் இருக்கிறவர்களும் தெரிந்துகொள்வார்கள். ஆனால் டிரில்லர்களுக்கு ஒரு வித்தை உண்டு. மிஷின் ஓடும்போது வாய் அசைவதைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். முகத்துக்கு நேராக நின்று பேசினால் நைனாவுக்கு ஒரு வார்த்தை தப்பாது.

எங்கள் பிரின்ஸ்பால் அவருக்கு நேர் எதிர். மைசூரிலிருந்து வந்தவர். கன்னடக்காரர், ஆனால் நல்ல தமிழ் பேசுவார் என்று சொன்னார்கள். சொன்னார்கள் என்றுதான் சொல்லவேண்டும். ஏனென்றால் அவர் பேசுவது யாருக்கும் கேட்காது. அவ்வளவு மெல்லிய குரல்.

அட்மிஷனுக்கு நைனாவோடு போனேன். சமையலறையில் கொக்கிகளுக்குக் கீழே பிரின்ஸ்பால் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"குந்து, குந்துன்றாரு" என்றார் நைனா.

உட்கார்ந்தேன். மறுபடி உதடு அசைந்தது.

"ஓ பாசிட்டிவ்ங்க!" என்று நைனா கத்தினார். ஜன்னலில் இருந்த காக்கா பறந்துபோனது.

பிரின்ஸ்பால் என்னைக் காட்டி மறுபடி ஏதோ கேட்டார்.

"அவளுக்கும் அதாங்க இருக்கும். என் ரத்தந்தானே?"

பிரின்ஸ்பால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். நைனா என் பக்கம் திரும்பி, "ரத்த குரூப் இல்லியாம். படிக்கிற குரூப்பாம். சரித்திரமா சயின்ஸான்னு கேக்குறாரு" என்றார். சுரங்க ஆஸ்பத்திரியில் குரூப் என்றால் ரத்தம்தான். நைனாவைக் குறை சொல்ல முடியாது. சயின்ஸ் பாத்ரூமில் நடக்கிறது என்று தெரிந்திருந்ததால் நான் சரித்திரம் என்றேன்.

வெளியே வந்ததும் நைனா, "நல்ல மனுசன். எவ்ளோ தெளிவா பேசுறாரு பாத்தியா?" என்றார். அந்த ஊரில் பிரின்ஸ்பால் பேச்சு புரிந்த ஒரே ஆள் என் காது கேட்காத நைனாதான்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அட்டெண்டர். சுரங்க வாயில் கேஜுக்கு மணியடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆளை ஏற்றினால் ஒரு மாதிரி, கல்லை ஏற்றினால் ஒரு மாதிரி என்று அந்த மணிக்குக் கணக்கு உண்டு. அவர் காலேஜ் மணியையும் அதே கணக்கில்தான் அடித்தார். சுரங்கத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரியும். காலையில் 'ஆள் கீழே இறங்குது' என்று அடிப்பார். உள்ளே போவோம். சாயங்காலம் 'ஆள் மேலே ஏறுது' என்று அடிப்பார். பையை எடுத்துக்கொண்டு ஓடுவோம். தலைவலி வந்த ஒருநாள் கணக்கு மறந்து, 'கல் மேலே ஏறுது' என்று அடித்துவிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. எங்களைச் சொல்லவில்லை என்று உட்கார்ந்திருந்தோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, யூனிவர்சிட்டியிலிருந்து இரண்டு பேர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. காலேஜில் போதுமான பிள்ளைகள் இருக்கிறார்களா, ஒழுங்காகப் பாடம் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். திருப்தி இல்லையென்றால் பர்மிஷன் போய்விடும். பிரின்ஸ்பால் எங்களை எல்லாம் பங்களா புல்வெளியில் நிற்க வைத்து விஷயத்தைச் சொன்னார். அதாவது, உதட்டை அசைத்தார். முன்வரிசையில் நின்றவர்கள் காதைக் கூர்மையாக்கிக் கேட்டதில் இன்ஸ்பெக்‌ஷன் என்பதும், கிழமை 'வி'யோ 'வெ'யோ என்று ஆரம்பிக்கிறது என்பதும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை என்று நாங்களே முடித்துக்கொண்டோம்.

அவர் சொன்னது வியாழக்கிழமை.

அந்த வியாழக்கிழமை பெங்களூரில் எங்கள் சுரங்க டீமுக்குப் பெரிய புட்பால் மேட்ச். எங்கள் ஊரில் புட்பால் என்றால் கல்யாணத்தைத் தள்ளி வைப்பார்கள். வெள்ளிக்கிழமைதானே இன்ஸ்பெக்‌ஷன் என்று காலேஜ் பையன்கள் கூட்டமாகக் காலை ரயிலில் ஏறிப் போய்விட்டார்கள். வகுப்பில் மிஞ்சியது நாங்கள் நாலு பெண்கள், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பையன், மேட்ச் பார்ப்பது பாவம் என்று வீட்டில் தடுத்துவிட்டதால் வந்திருந்த போதகர் மகன் ஒருவன். அவ்வளவுதான். மேஜையைச் சுற்றி ஆறு பேர்.

மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பிரின்ஸ்பால் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர்கள் இன்னும் ஒரு மணி நேரத்தில் வருகிறார்கள் என்ற விஷயம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதையும் அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியதால் தெரிந்தது.

அட்டெண்டர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆள் இல்லியா? அதுக்கா இம்மாம் யோசனை? ஆள ஏத்தி எறக்கறதுதானே நம்ப வேலை" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். பிரின்ஸ்பால் பின்னாலேயே இரண்டடி ஓடி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். "வேண்டாம், வேண்டாம்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அட்டெண்டர் அதை 'சீக்கிரம், சீக்கிரம்' என்று புரிந்துகொண்டார்.

சுரங்க வாய் பக்கத்திலேயேதான். முதல் ஷிப்ட் ஆட்கள் இரண்டு மணிக்கு மேலே வருவார்கள். அட்டெண்டர் அங்கே போய் நின்று, "காலேஜ்ல ஆள் பத்தல. ஒரு மணி நேரம் வந்து குந்திக்கினு போங்க. டீயும் வடையும் உண்டு" என்று கூப்பிட்டிருக்கிறார். "இன்னா, காலேஜை மூடப்போறானா?" என்று கேட்டுக்கொண்டு முதலில் கிளம்பியது என் நைனா. அவருக்குப் பின்னால் அவர் கூட்டாளிகள்.

இரண்டே கால் மணிக்கு அவர்கள் பங்களா வாசலில் வந்து நின்றார்கள். முகத்தைக் கழுவித் தலையைப் படிய வாரியிருந்தார்கள். ஆனால் காதுக்குள்ளும் கழுத்து மடிப்பிலும் பாறைத் தூள் அப்படியே இருந்தது. மீசை நரைத்தவர் மூன்று பேர். ஒருவருக்கு அடுத்த மாதம் பேரனுக்குப் பெயர் வைக்கிற விசேஷம். கையில் ஹெல்மெட்டும் சாப்பாட்டுத் தூக்கும் வேறு. அட்டெண்டர் அவற்றை எல்லாம் வாங்கி பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அடியில் தள்ளி, ஒரு ஜமக்காளத்தை மேஜைமேல் போட்டு ஓரத்தைத் தரைவரை தொங்கவிட்டார்.

நைனா நேராக வந்து என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நைனா, இன்னா இது?" என்று கிசுகிசுத்தேன்.

"நீ சும்மா இரு, நானும் படிக்க வந்துக்கிறேன்" என்று அவர் பதிலுக்குக் கிசுகிசுத்தது, அப்போதுதான் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர்களுக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு மேஜைக்கு அடியில் நானும் போய்விடலாமா என்றிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் வாயில் தாவணியைத் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

இன்ஸ்பெக்டர்களில் ஒருவர் வயதானவர், ஒல்லி, கையில் குடை. இன்னொருவர் குண்டு, கையில் பைல். இருவரும் வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். "மாணவர்கள் கொஞ்சம் முதிர்ந்தவர்களாகத் தெரிகிறார்களே" என்றார் ஒல்லியானவர். பிரின்ஸ்பால் உதடு அசைந்தது. அவர் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றதால் நைனாவுக்கு உதடு தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சரித்திர லெக்சரர் சின்ன வயசுக்காரர். பானிபட் யுத்தத்தை ஆரம்பித்தார். யானைகள் வந்தன. பீரங்கிகள் வந்தன. சுரங்கத்துக்காரர்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். பீரங்கி என்றதும் அவர்களுக்கு ஆர்வம் வந்துவிட்டது. வெடி மருந்து அவர்கள் தினம் தொடுகிற விஷயம்.

பேரன் எடுத்தவர் கையைத் தூக்கினார். "சார், மருந்து எவ்ளோ வெச்சாங்க?"

"அது... புத்தகத்தில் இல்லை" என்றார் லெக்சரர்.

"திரி வெச்சிட்டு ஓடறதுக்கு எவ்ளோ டைம்?"

"அதுவும் இல்லை."

இன்னொருவர் எழுந்தார். "சார், செத்தவங்க வூட்ல புள்ளைங்களுக்கு வேலை போட்டுக் குடுத்தாங்களா?"

லெக்சரர் யோசித்து, "அடுத்த வகுப்பில் சொல்கிறேன்" என்றார். குண்டு இன்ஸ்பெக்டர் பைலில் ஏதோ எழுதிக்கொண்டார்.

ஒல்லி இன்ஸ்பெக்டர் குடையால் நைனாவைக் காட்டி எழுந்திருக்கச் சொன்னார். அவர் கேட்டது எல்லாம் இங்கிலீஷில். நைனாவுக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனால் அது துரைமார்களிடம் கற்ற சுரங்க இங்கிலீஷ். மொத்தம் முப்பது வார்த்தை இருக்கும்.

காலேஜ் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ஆல் கிளியர், சார்!"

ஆசிரியர்கள் எப்படி?

"குட் டிம்பர், சார்!" கீழே கூரை விழாமல் முட்டுக் கொடுக்கிற மரம்தான் டிம்பர். நைனா வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஏதாவது குறை உண்டா?

நைனா அறையைச் சுற்றிப் பார்த்தார். "வென்டிலேஷன் வெரி பேட், சார்!"

இதெல்லாம் முடிந்தபிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். படிப்பு முடிந்தபிறகு என்ற அர்த்தத்தில்.

"ஹோம், சார். ஹாட் வாட்டர் பாத். ஸ்லீப்!"

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். இவ்வளவு உண்மையாகப் பதில் சொன்ன மாணவனை அவர் பார்த்ததில்லை என்று தோன்றியது.

அந்த நேரத்தில்தான் பூமி அதிர்ந்தது.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அது புதிதில்லை. ஆழத்தில் பாறை திடீரென்று வெடித்து இடியும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே வீடுகள் குலுங்கும், பாத்திரம் உருளும். அன்றைக்குக் கொஞ்சம் பலமாகவே வந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. பாத்ரூமில் குடுவைகள் தொட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டது. வெளியூர்க்காரர்களான இன்ஸ்பெக்டர்கள் இருவரும் ஒரே தாவில் பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அடியில் போய்விட்டார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. நைனாவும் அவர் கூட்டாளிகளும் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது கீழே இருப்பது இரண்டாவது ஷிப்ட். அதில் ஒருவருக்குத் தம்பி, ஒருவருக்கு மருமகன். அடிபட்டவர்கள் இருந்தால் சைரன் ஊதும். அதற்காகக் காதைக் கொடுத்துக் காத்திருந்தோம். நைனாவுக்குச் சைரன் கேட்காது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தலையாட்டினேன். அட்டெண்டர் சைக்கிளில் போய்த் திரும்பி வந்து, "பழைய எடம். ஆள் வேலை செய்யாத லெவல். யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்று சொன்னபிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. பேரன் எடுத்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், வெளிய வாங்க. முடிஞ்சிப்போச்சு" என்று நைனா மேஜைக்கு அடியில் குனிந்து கூப்பிட்டார்.

ஜமக்காளத்தை விலக்கிக்கொண்டு ஒல்லி இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். தலையில் ஹெல்மெட். உயிர் பயத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதன் முன்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் சுரங்க ஆளின் டோக்கன் நம்பர். பின்னாலேயே குண்டு இன்ஸ்பெக்டர் ஒரு சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிப் பிடித்தபடி வந்தார். அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

ஒல்லியானவர் ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாருடையது?" என்று தமிழிலேயே கேட்டார்.

"என்துங்க சார்!" என்று நைனா கையைத் தூக்கிவிட்டார். டோக்கன் நம்பரைக் காட்டிக் கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழக்கம்.

பிரின்ஸ்பால் முன்னால் வந்து நின்றார். இந்த முறை எங்கள் பக்கம் முகம் தெரிந்தது. அவர் உதடு அசைய ஆரம்பித்தது. ரொம்ப நேரம் அசைந்தது. இன்ஸ்பெக்டர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்ன சொல்கிறீர்கள்? கேட்கவில்லை" என்றார்.

நைனாவுக்கு மனசு கேட்கவில்லை. உதவி செய்ய வந்துவிட்டார். "நாங்க பொய் சொல்லிட்டோம்ன்றாரு சார்! இவங்கல்லாம் மைன்ஸ் ஆளுங்களாம்! நிஜப் பசங்க மேட்ச் பாக்க பெங்களூர் பூட்டாங்களாம்! இது என் தப்புதான், நான் அப்பவே உங்ககிட்ட சொன்னேன், உங்களுக்குக் கேக்கலன்றாரு! ரொம்ப வெக்கமா கீதுன்றாரு சார்!"

பிரின்ஸ்பால் நைனாவை நன்றியோடு பார்த்து ஆமாம் என்று தலையாட்டினார். அவர் பேச்சு அந்த ஊரில் எல்லார் காதிலும் விழுந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்து, பிறகு எப்படியோ கோணியது. சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறோம். நிஜமான மாணவர்களைக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு, இருவரும் பேத்தமங்களா ஏரிக்கரை பங்களாவில் தங்கப் போய்விட்டார்கள்.

சாயங்கால ரயிலில் பையன்கள் திரும்பினார்கள். எங்கள் டீம் ஜெயித்திருந்தது. மைதானத்தில் கத்தியது போதாதென்று, பெங்களூரிலிருந்து சாம்பியன் ரீப்ஸ் வரைக்கும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் எல்லாரும் குளித்து, விபூதியோ பவுடரோ பூசிக்கொண்டு, மேஜையைச் சுற்றி நிறைந்து உட்கார்ந்தார்கள். குண்டு இன்ஸ்பெக்டர் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒருவனுக்கும் குரல் இல்லை. "பிரசன்ட் சார்" என்பது வெறும் காற்றாக வந்தது. அவர் ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை கூப்பிட்டார். ஒவ்வொருவனும் எழுந்து நின்று, வாயைத் திறந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கடைசியில் மாவுக்கட்டுப் போட்டவனும் போதகர் மகனும் நாங்கள் நாலு பெண்களும் மட்டும் ஒழுங்காகக் குரல் கொடுத்தோம்.

"இந்தக் காலேஜில் பிரின்ஸ்பாலைப் போலத்தான் பேசவேண்டும் என்று சட்டமா?" என்று கேட்டார் ஒல்லியானவர். கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும் சிரித்தோம். பையன்கள் மட்டும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

பர்மிஷன் கிடைத்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு, அதுவும் நிபந்தனைகளோடு. காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பது அதில் முதல் நிபந்தனை. நைனா சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். இன்னொன்று, வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைக்கலாம் என்று ஒரு யோசனை. அதன்படி வகுப்பு ஆரம்பித்தபோது, அன்றைக்கு வந்த கூட்டாளிகளில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பேரன் எடுத்தவர் அதில் ஒருவர். நைனாவைக் கூப்பிட்டதற்கு, "கீழதான் எட்டு மணி நேரம். மேல வந்தும் ஒரு ரூம்ல அடைச்சி வெப்பீங்களா?" என்று மறுத்துவிட்டார்.

அம்மாவுக்குத்தான் கோபம் தீரவில்லை. பொய் சொன்னதற்கு இல்லை. "யூனிவர்சிட்டி ஆளுங்க முன்னால அந்தக் கிழிஞ்ச பனியனோடயா போய்க் குந்தின? பொட்டியில புதுச் சட்டை கீதே, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிச்சா நான் எடுத்துக்கினு ஓடி வரமாட்டேனா?" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரையில் பார்த்த பெண்களிடமெல்லாம், "எங்க வூட்ல ரெண்டு பேர் காலேஜ் போறாங்க. ஒருத்தி தினமும் போறா, ஒருத்தர் ஒரு நாள் போனாரு" என்றும் சொன்னாள்.

வருஷக் கடைசியில், காலேஜின் முதல் வருஷமான பி.யு.சி. பரீட்சை எழுதினேன். முடிவு வந்த அன்றைக்குப் பிரின்ஸ்பாலே நைனாவைத் தெருவில் நிறுத்தி, நான் செகண்ட் கிளாஸில் பாஸ் செய்த செய்தியைச் சொல்லியிருக்கிறார். நைனா உதட்டைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். செகண்ட் என்றால் ரெண்டாவது என்று அவருக்குத் தெரியும். கிளாஸ் என்றால் வகுப்பு என்றும் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே லைன் முழுக்கக் கேட்கும்படி, "எம் பொண்ணு கிளாஸ்லயே ரெண்டாவது வந்துட்டா!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் வெளியே ஓடி வருவதற்குள் அவர் வாங்கி வந்த கால் கிலோ பால்கோவா பொட்டலம் பிரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். எதிர் வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து கைகொடுத்தார்கள். நைனா முகத்தைப் பார்த்தேன். ராக் பர்ஸ்ட் அன்றைக்குச் சைரனுக்காக என்னைப் பார்த்த அதே ஆள், இப்போது பல் எல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார். செகண்ட் கிளாஸ் வேறு, ரெண்டாவது இடம் வேறு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அம்மா மட்டும் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"மொதல்ல வந்தது யாரு?"

"ஒரு மைசூர் மைன்ஸ் பொண்ணு" என்றேன். எங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்துப் பெண்ணே கிடையாது.

"போகட்டும் வுடு" என்றாள் அம்மா. "அவங்க வூட்ல தினமும் மீனு சாப்புடுவாங்க, மூளை அதான் வேலை செய்யுது. அடுத்த வாட்டி நீ மொதல்ல வந்துடு."

சரி என்றேன்.